அக்ரிலிக் மீன்தொட்டி

அக்ரிலிக் மீன்தொட்டி என்பது அக்ரிலிக் எனப்படும் ஒளிபுகும் நெகிழித் தகடுகளை வெட்டி, அவற்றின் விளிம்புகளைக் கரைப்பான் கொண்டு ஒட்டி அமைக்கப்படும் நீர்க்கொள்கலம் ஆகும். வீடுகளில் அலங்கார மீன் வளர்ப்பதற்கும், ஆய்வகங்களில் நீர்வாழ் உயிரினங்களைப் பேணுவதற்கும், பெரிய மீன்காட்சியகங்களில் பார்வைச் சுவர்களாகவும் இது பயன்படுகிறது.

கண்ணாடித் தொட்டியில் இரு தகடுகளுக்கு இடையில் இருக்கும் சிலிக்கோன் பசையே அவற்றைப் பிணைக்கிறது. அக்ரிலிக் தொட்டியிலோ கரைப்பான் இரு தகடுகளின் மேற்பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிட்டு, பின்னர் ஆவியாகி விடுகிறது. எனவே அக்ரிலிக் தொட்டியின் வலிமையும் ஆயுளும் பெரும்பாலும் வெட்டப்பட்ட விளிம்பின் நேர்த்தியாலேயே முடிவாகின்றன.

பெயரும் வேதியியலும்

அக்ரிலிக் தகட்டின் வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டு ஆகும். சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. என்பர். மெத்தில் மெத்தக்ரிலேட்டு என்னும் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைவதால் இந்தப் பல்லுறுப்பி உண்டாகிறது. இது வெப்பத்தால் இளகும் நெகிழிகளுள் ஒன்று. ஏறத்தாழ 105 பாகை செல்சியசு வெப்பநிலையில் இது கெட்டித்தன்மையை இழந்து இளகத் தொடங்குகிறது. வெட்டும்போது தகடு உருகி ஒட்டிக்கொள்வதற்கும், சூடாக்கி வளைக்க முடிவதற்கும் இப்பண்பே காரணம்.

பிளெக்சிகிளாசு, பெர்சுபெக்சு, லூசைட்டு என்பன இப்பொருளின் வணிகப் பெயர்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் இது "அக்ரிலிக் சீட்" என்றே கேட்டு வாங்கப்படுகிறது.

வரலாறு

அக்ரிலிக் தகடு 1930-களில் வணிகப் பொருளாயிற்று. செருமனியில் ஓட்டோ ரோம் நிறுவிய ரோம் அண்டு ஆசு நிறுவனம் 1933-ஆம் ஆண்டில் பிளெக்சிகிளாசு என்னும் பெயரைப் பதிவு செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரோலண்டு இல், சான் கிராபோர்டு ஆகியோரின் ஆய்வுகளால் பெர்சுபெக்சு உருவானது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் இருக்கைக்கு மேல் அமையும் ஒளிபுகும் கூடுகள் இப்பொருளால் செய்யப்பட்டன.

போருக்குப் பின்னர் மீன்காட்சியகங்கள் அக்ரிலிக்கை நாடின. ஒரே துண்டாக மிகப் பெரிய கண்ணாடிப் பலகை செய்வது கடினம். அக்ரிலிக் பலகைகளையோ பக்கவாட்டிலும் அடுக்காகவும் பிணைத்துப் பெரிதாக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1984-இல் திறக்கப்பட்ட மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் பெரிய அக்ரிலிக் சாளரங்களுக்குப் பெயர் பெற்றது. சப்பானின் ஒக்கினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் 2002-இல் நிறுவப்பட்ட பார்வைச் சுவர் 22.5 மீட்டர் நீளமும் 8.2 மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் தடிமனும் கொண்டது. தமிழ்நாட்டில், சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. நிறுவனம் 2019-இல் திறந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் பார்வையாளர்கள் நீருக்குள் நடந்து செல்லும் ஒளிபுகும் சுரங்க வழி உள்ளது.

கண்ணாடியுடன் ஒப்பீடு

* எடை: அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.19 கிராம். கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 கிராம். ஒரே அளவும் தடிமனும் கொண்ட தகடுகளில் அக்ரிலிக்கின் எடை கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு.
* ஒளிபுகுதன்மை: தெளிந்த அக்ரிலிக் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டைக் கடத்துகிறது. தடித்த சாதாரணக் கண்ணாடியில் காணப்படும் பச்சை நிறச் சாயல் இதில் இல்லை.
* மோதலைத் தாங்கும் திறன்: அக்ரிலிக் கண்ணாடியைவிடப் பல மடங்கு மோதலைத் தாங்கும்.
* விறைப்பு: அக்ரிலிக்கின் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 3 கிகாபாசுக்கல். கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 70 கிகாபாசுக்கல். அதாவது, ஒரே தடிமனில் அக்ரிலிக் இருபது மடங்குக்கும் மேலாக எளிதில் வளையும்.
* கீறல்: அக்ரிலிக்கின் மேற்பரப்பு மென்மையானது. மணல் துகள் பட்டாலும் கீறல் விழும். எனினும் அக்கீறலைத் தேய்த்து நீக்க முடியும்.
* வெப்ப விரிவு: ஒரு பாகை செல்சியசு உயர்வுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் விரிகிறது. இது கண்ணாடியின் விரிவைப்போல் ஏழு அல்லது எட்டு மடங்கு.
* நீர் உறிஞ்சல்: அக்ரிலிக் மிகச் சிறிதளவு நீரை உறிஞ்சிக் கொள்ளும். நெடுநாள் நீரில் இருக்கும்போது இது எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு வரை செல்லும்.

நீரழுத்தமும் தகட்டின் தடிமனும்

தொட்டியின் சுவரில் ஓர் இடத்தில் உள்ள அழுத்தம் அவ்விடத்திற்கு மேலே உள்ள நீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டியின் நீளமோ அகலமோ அதை மாற்றுவதில்லை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் எடைக்குச் சமம். மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தம் சீராகக் கூடுவதால், சுவரின் சராசரி அழுத்தம் இதில் பாதி, அதாவது 15 கிராம்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரின் பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர். எனவே நீர் அச்சுவரை 27 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் வெளிநோக்கித் தள்ளுகிறது. நீளத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் 60 சென்டிமீட்டராக ஆக்கினால் பரப்பும் இரு மடங்காகும், சராசரி அழுத்தமும் இரு மடங்காகும். விசை 108 கிலோகிராம் எடைக்குச் சமமாகிவிடும். உயரம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது என்பதே வீட்டில் தொட்டி செய்வோர் முதலில் கருத வேண்டிய விதியாகும்.

தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். அக்ரிலிக்கில் இன்னொரு குணமும் உண்டு. தொடர்ந்து சுமை தாங்கும்போது அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் வளைகிறது. பொறியியலில் இது தவழ்வு எனப்படுகிறது. வெப்பநிலை கூடினால் தவழ்வும் கூடும். முதல் நாள் நேராகத் தோன்றும் சுவர் சில மாதங்களில் சில மில்லிமீட்டர் புடைப்பது இதனாலேயே.

புடைப்பைக் குறைப்பதற்காக அக்ரிலிக் தொட்டியின் மேற்புறம் முழுவதுமாகத் திறந்து விடப்படுவதில்லை. நடுவில் திறப்புள்ள ஒரு சட்டம் மேலே ஒட்டப்படுகிறது. இச்சட்டம் நான்கு சுவர்களின் மேல் விளிம்புகளையும் இழுத்துப் பிடிக்கிறது. இத்தகைய சட்டத்துடன் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டிக்கு 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. உயரம் கூடினால் அதற்கேற்பத் தடித்த தகடு வேண்டும்.

தகடு வகைகள்

அக்ரிலிக் தகடுகள் இரு முறைகளில் செய்யப்படுகின்றன.

வார்ப்புத் தகடு: இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையில் திரவத்தை ஊற்றிக் கெட்டியாக்கிப் பெறப்படுகிறது. இதில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக நீளமானவை. உள்ளே தங்கியிருக்கும் தகைவு குறைவு. வெட்டும்போது எளிதில் உருகாது. கரைப்பானால் வெடிப்பு உண்டாகும் வாய்ப்பும் குறைவு.

பிதுக்குத் தகடு: உருகிய நெகிழியை ஓர் இடைவெளி வழியே பிதுக்கிப் பெறப்படுகிறது. விலை குறைவு. தடிமன் சீராக இருக்கும். ஆனால் வெட்டும்போது விரைவில் இளகிப் பிசுபிசுக்கும். உள்தகைவும் மிகுதி.

மீன்தொட்டிக்கு வார்ப்புத் தகடே ஏற்றது. இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், தகட்டின் மீதுள்ள காகித உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

அளவெடுத்தல்

வெட்டத் தொடங்குவதற்கு முன் வெட்டுப் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, வெளியளவு 600 × 300 × 300 மில்லிமீட்டர் உள்ள தொட்டியை 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்வதாகக் கொள்வோம். அடித்தகடும் மேற்சட்டமும் முழு அளவில் இருக்க, நான்கு சுவர்களும் அவற்றிற்கு இடையில் நிற்கும். அப்போது சுவர்களின் உயரம் 300 - 6 - 6 = 288 மில்லிமீட்டர். பக்கச் சுவர்கள் முன், பின் சுவர்களுக்கு இடையில் நிற்பதால் அவற்றின் அகலமும் 288 மில்லிமீட்டர்.

* அடித்தகடு: 600 × 300, ஒன்று
* மேற்சட்டம்: 600 × 300, ஒன்று. நடுவில் 500 × 200 அளவுள்ள திறப்பு.
* முன், பின் சுவர்கள்: 600 × 288, இரண்டு
* பக்கச் சுவர்கள்: 288 × 288, இரண்டு

இத்தொட்டியின் எடை ஏறத்தாழ 5.5 கிலோகிராம். கொள்ளளவு ஏறத்தாழ 48 லிட்டர். நீருடன் மொத்த எடை 54 கிலோகிராமை நெருங்கும்.

அக்ரிலிக் தகடு பொதுவாக 8 × 4 அடி அளவில் வருகிறது. கடைகளில் இதை வெட்டியும் விற்பர். மேற்கண்ட ஆறு துண்டுகளும் 4 × 3 அடித் துண்டு ஒன்றில் அடங்கும். முதல் வரிசையில் அடித்தகடும் மேற்சட்டமும், இரண்டாம் வரிசையில் முன், பின் சுவர்களும், மூன்றாம் வரிசையில் பக்கச் சுவர்களும் அமைக்கப்படும். இரம்பம் தின்றுவிடும் அகலத்திற்காக ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், விளிம்பைச் சீர்செய்வதற்காக மேலும் 1 அல்லது 2 மில்லிமீட்டரும் விட வேண்டும்.

ஒரே அளவில் இருக்க வேண்டிய துண்டுகளை இரம்பத்தின் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை பொருத்திவிட்டு, அதை நகர்த்தாமல் அடுத்தடுத்து வெட்டுதல் வேண்டும். நான்கு சுவர்களின் உயரமும் மிகச் சரியாக ஒன்றாக இருந்தால்தான் மேற்சட்டம் இடைவெளியின்றி அமரும். 288 மில்லிமீட்டர் என்பது 287 ஆகிவிட்டாலும் நான்கும் 287 ஆக இருக்குமானால் குறையில்லை.

வெட்டும் முறைகள்

எந்த முறையில் வெட்டினாலும் தகட்டின் காகித உறையையோ மென்படல உறையையோ நீக்காமலேயே வெட்ட வேண்டும். அது கீறலைத் தடுப்பதோடு, குறியிடவும் உதவும். தகடு அதிராதபடி அடியில் முழுத் தாங்கல் இருக்க வேண்டும்.

கீறி முறித்தல்: கொக்கி போல் வளைந்த முனையுள்ள கத்தியால் தகட்டின் மீது இரும்பு அளவுகோலை வைத்துப் பலமுறை இழுத்துக் கீறி, பின்னர் மேசை விளிம்பில் வைத்து முறிப்பது இம்முறை. பெயர்ப்பலகை செய்யும் தொழிலாளர்கள் உடைந்த இரம்பத் தகட்டைச் சாணை பிடித்து இக்கத்தியைத் தாங்களே செய்துகொள்வதுண்டு. கீறல் தகட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது ஆழம் செல்ல வேண்டும். 3 மில்லிமீட்டர் வரையுள்ள தகடுகளுக்கு இது எளிய முறை. 6 மில்லிமீட்டர் தகட்டில் முறிவு கோணலாகச் செல்லக்கூடும் என்பதால், தொட்டியின் விளிம்புகளுக்கு இதை மட்டும் நம்ப இயலாது.

வட்ட இரம்பம்: மேசையில் பொருத்திய வட்ட இரம்பம் நேரான வெட்டுக்கு ஏற்றது. பற்கள் நெருக்கமாகவும் கார்பைடு முனையுடனும் இருக்க வேண்டும். தட்டையான பல்லும் முனை சரிந்த பல்லும் மாறி மாறி அமைந்த இரம்பத்தகடு சிறந்தது. தகட்டை ஒரே சீரான வேகத்தில் தள்ள வேண்டும். மெதுவாகத் தள்ளினால் உராய்வு வெப்பத்தால் விளிம்பு உருகும். விரைவாகத் தள்ளினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும்.

ஜிக்சா: வளைவான வெட்டுகளுக்கும் மேற்சட்டத்தின் திறப்புக்கும் கையால் பிடித்து இயக்கும் ஜிக்சா உதவும். திறப்பின் மூலைகளைச் செங்கோணமாக வெட்டக் கூடாது. கூரிய உள்மூலையில் தகைவு குவிந்து அங்கிருந்தே வெடிப்பு தொடங்கும். எனவே முதலில் நான்கு மூலைகளிலும் வட்டத் துளை இட்டு, பின்னர் துளைகளுக்கு இடையே வெட்டுவது முறை. துளைகளின் விளிம்பும் வழவழப்பாக இருக்க வேண்டும்.

ரௌட்டர்: விரைவாகச் சுழலும் நேர்முனைக் கருவியால் விளிம்பைச் செதுக்குவது இம்முறை. இரம்பத்தால் சற்றுப் பெரிதாக வெட்டிய துண்டை ரௌட்டரால் உரிய அளவுக்குச் செதுக்கினால் கரைப்பானால் ஒட்டுவதற்கு மிகப் பொருத்தமான விளிம்பு கிடைக்கிறது.

லேசர் வெட்டு: கார்பன் டை ஆக்சைடு லேசர் அக்ரிலிக்கை ஆவியாக்கி வெட்டுகிறது. பல நகரங்களில் பெயர்ப்பலகைப் பணிமனைகள் இப்பொறியைக் கொண்டுள்ளன. வெட்டிய விளிம்பு மெருகேற்றியது போல் பளபளக்கும். ஆனால் இந்தப் பளபளப்பு தொட்டிக்கு உகந்ததன்று. உருகிக் குளிர்ந்த மெல்லிய படலத்தில் தகைவு உறைந்து நிற்கும். அதன்மீது கரைப்பான் பட்டவுடன் நுண்ணிய வெடிப்புகள் தோன்றலாம். லேசரால் வெட்டிய விளிம்பை ஒட்டுவதற்கு முன் செதுக்கி நீக்கவோ, பதப்படுத்தவோ வேண்டும்.

விளிம்பைச் சீர்செய்தல்

கரைப்பான் நீர் போன்று மெல்லியது. அது இடைவெளியை நிரப்பாது. விளிம்பு தகட்டின் மீது எல்லா இடத்திலும் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே இணைப்பு முழுமை பெறும். எனவே விளிம்பு நேராகவும், தட்டையாகவும், தகட்டின் முகத்திற்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும்.

இரம்பத்தின் பல் தடங்களை நீக்க, கத்தியின் முதுகையோ கூர்மையான எஃகுப் பட்டையையோ விளிம்பின் மீது வைத்துச் சீராக இழுக்கலாம். உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, நீர் தொட்டுத் தேய்ப்பதும் உண்டு. கையில் வெறுமனே பிடித்துத் தேய்த்தால் விளிம்பின் இரு ஓரங்களும் உருண்டுவிடும். உருண்ட ஓரத்தில் கரைப்பான் தங்காமல் காற்றுக் குமிழ்கள் நிற்கும். இதே காரணத்தால், ஒட்டப்பட வேண்டிய விளிம்பைத் துணிச் சக்கரத்தால் மெருகேற்றுவதும் தவறு. மூலைமட்டத்தை வைத்து ஒளிக்கு எதிரே பார்க்கும்போது கீற்றொளி ஊடுருவாவிட்டால் விளிம்பு ஒட்டுவதற்கு ஆயத்தமாக உள்ளது எனலாம்.

உள்தகைவும் மயிரிழை வெடிப்புகளும்

வெட்டுதல், துளையிடுதல், சூடாக்குதல் ஆகியவற்றால் அக்ரிலிக்கின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத தகைவு தங்குகிறது. அத்தகைவு உள்ள இடத்தில் கரைப்பான், சாராயம், அசிட்டோன், சில கண்ணாடித் துடைப்பு நீர்மங்கள் ஆகியவை பட்டால் வெள்ளி இழைகள் போன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இவை சில நிமிடங்களிலும் தோன்றலாம். பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். நீரழுத்தம் இவ்வெடிப்புகளை மெல்ல விரிக்கும்.

தொழிற்சாலைகளில் இத்தகைவை நீக்க, வெட்டிய துண்டுகளை ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வெப்பத்தில் சில மணிநேரம் வைத்து, மிக மெதுவாகக் குளிர்விக்கின்றனர். இது பதப்படுத்தல் எனப்படுகிறது. வீட்டில் இதற்கான அடுப்பு இல்லாதோர் கூரிய கருவி, வார்ப்புத் தகடு, சூடேறாத வெட்டு ஆகியவற்றால் தகைவு உண்டாகாமலே பார்த்துக்கொள்வதே வழி.

விளிம்பும் இணைப்பும் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெர்லின் நகரின் அக்வாடோம் ஒரு சான்று. ஒரு விடுதியின் முற்றத்தில் நின்ற இந்த உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி ஏறத்தாழ 10 இலட்சம் லிட்டர் நீரைக் கொண்டிருந்தது. 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலையில் அது திடீரென வெடித்தது. ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. இருவர் காயமடைந்தனர். நெகிழிப் பொறியியல் அறிஞர் கிறித்தியான் போன்டன் 2023-இல் அளித்த அறிக்கையில் உறுதியான ஒரே காரணத்தைச் சுட்ட இயலவில்லை. ஒட்டிய இணைப்பு பழுதுற்றிருத்தல், சீரமைப்பின்போது அடிப்பகுதியில் வெட்டுத்தடம் விழுந்திருத்தல், தொட்டி வெறுமையாக இருந்த காலத்தில் அக்ரிலிக் உலர்ந்து சுருங்கியிருத்தல் ஆகிய மூன்று வாய்ப்புகளை அவர் முன்வைத்தார். அளவில் பெரிய வேறுபாடு இருப்பினும், வீட்டுத் தொட்டியிலும் இம்மூன்றுமே கவனிக்க வேண்டியவை.

ஒட்டுதல்

அக்ரிலிக்கை ஒட்ட டைகுளோரோமெத்தேன், குளோரோபார்ம் போன்ற கரைப்பான்கள் பயன்படுகின்றன. இந்தியப் பெயர்ப்பலகைப் பணிமனைகளில் குளோரோபார்ம் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணாடித் தொட்டிக்கு உரிய சிலிக்கோன் பசை அக்ரிலிக்கில் உறுதியாகப் பற்றாது. அதனைக் கொண்டு அக்ரிலிக் தொட்டியை இணைப்பது ஆபத்தானது.

பொதுவாகப் பின்பற்றப்படும் முறை பின்வருமாறு:

1. ஒட்டும் இடத்தில் மட்டும் உறையை நீக்கி, விளிம்பைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.
2. அடித்தகட்டைச் சமதளத்தில் வைத்து, அதன்மீது சுவரைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். செங்கோணக் கட்டைகள் சுவரைத் தாங்கி நிற்கும்.
3. சுவரின் அடியில் சில இடங்களில் மெல்லிய கம்பிகளைச் செருகி மயிரிழை அளவு இடைவெளி உண்டாக்க வேண்டும்.
4. ஊசிக்குழலால் கரைப்பானை மூட்டின் நெடுகிலும் விட வேண்டும். நுண்புழை ஈர்ப்பால் அது தானே பரவும்.
5. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கழித்துக் கம்பிகளை உருவிவிட வேண்டும். இளகிய விளிம்பு சுவரின் எடையாலேயே அமர்ந்து, குமிழ்கள் வெளியேறும்.
6. மூடு முழுவதும் கெட்டிப்படும் வரை தொடக் கூடாது. ஒரு நாள் கழித்தே அடுத்த பக்கத்திற்குத் திருப்புதல் நன்று.

நன்கு அமைந்த மூடு கண்ணாடி போல் தெளிவாகத் தெரியும். வெண்மையாகவோ குமிழ்களுடனோ தெரிந்தால் விளிம்பு சரியாகத் தொடவில்லை என்று பொருள். வலுச் சேர்ப்பதற்காக உள்மூலையில் வெளியிலிருந்து மேலும் கரைப்பான் ஊற்றுவது பயன் தராது. தகட்டின் முகத்தைக் கெடுக்கும்.

மதுரைச் சூழல்

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் கோடையில் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. அக்ரிலிக் தொட்டி செய்வோருக்கு இதனால் சில சிறப்புச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது கரைப்பான் பற்றியது. டைகுளோரோமெத்தேனின் கொதிநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியசு. சித்திரை, வைகாசி மாதப் பகலில் அது மூட்டில் பரவும் முன்பே ஆவியாகிவிடும். எனவே விடியற்காலையில் ஒட்டுவது நல்லது. ஏறத்தாழ 61 பாகை செல்சியசில் கொதிக்கும் குளோரோபார்ம் சற்று மெதுவாக உலரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வேறு சிக்கல் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து மூடு வெளுத்துப் போகும்.

இரண்டாவது அளவு பற்றியது. 25 பாகையில் 600 மில்லிமீட்டர் இருக்கும் தகடு 40 பாகையில் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். வெயிலில் கிடந்த தகட்டில் ஒரு துண்டையும், நிழலில் ஆறிய தகட்டில் மற்றொரு துண்டையும் வெட்டினால் இரண்டும் பொருந்தா. எல்லாத் துண்டுகளையும் நிழலில், ஒரே வேளையில் வெட்டுவதே முறை.

மூன்றாவது நீரைப் பற்றியது. இச்சமவெளியின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை உடையது. நீர் ஆவியாகும்போது நீர்மட்டக் கோட்டில் சுண்ணாம்புப் படிவு வெண்பட்டையாகத் தங்கும். கண்ணாடியில் இதைச் சவரத் தகட்டால் சுரண்டலாம். அக்ரிலிக்கில் அப்படிச் செய்தால் கீறல் விழும். நீர்த்த வினிகரில் நனைத்த மென்துணியால் ஊறவைத்துத் துடைப்பதே ஏற்றது.

நான்காவது மீன்களைப் பற்றியது. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 35 பாகையில் இது ஏறத்தாழ 7 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில் மீன்களின் ஆக்சிசன் தேவையோ கூடுகிறது. அக்ரிலிக் தொட்டியின் மேற்சட்டம் காற்றுபடும் பரப்பை ஓரளவு மறைப்பதால், திறப்பை இயன்ற அளவு பெரிதாக விடுவதும், காற்றுக்குமிழ்க் கருவி வைப்பதும் கோடையில் இன்றியமையாதவை. அக்ரிலிக் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் என்பது இங்கு ஒரு நன்மை. நிழலில் வைத்த தொட்டியின் நீர் வெளி வெப்பத்தால் மெதுவாகவே சூடேறும்.

மதுரைக்கும் இப்பொருளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. போரில் உடைந்த விமானக் கூடுகளின் அக்ரிலிக் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் அழற்சி உண்டாக்காததைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் அரால்டு ரிட்லி, 1949-இல் இலண்டனில் முதன்முதலாக அக்ரிலிக்காலான உள்விழி வில்லையைப் பொருத்தினார். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை நோயாளிகளுக்குக் குறைந்த விலையில் இவ்வில்லைகள் கிடைப்பதற்காக 1992-இல் ஆரோலேப் என்னும் உற்பத்தி நிறுவனத்தை மதுரையிலேயே நிறுவியது. மனிதக் கண்ணிற்குள் பல்லாண்டு தங்கியும் தீங்கு செய்யாத அதே பல்லுறுப்பிதான் மீன்தொட்டியின் சுவராகவும் நிற்கிறது. மீன்களுக்கு ஊறு விளைவிக்கக்கூடியது தகடன்று; மூட்டில் முழுவதும் ஆவியாகாமல் எஞ்சும் கரைப்பானே.

சோதித்தலும் பராமரிப்பும்

ஒட்டி முடித்த தொட்டியை ஒரு வாரமாவது காற்றாட விட்டுப் பின்னர் சோதிக்க வேண்டும். அடித்தகடு முழுவதும் சமதளத்தில் அமர்ந்திருக்கிறதா என இரசமட்டம் கொண்டு பார்க்க வேண்டும். நீரை ஒரே முறையில் நிரப்பாமல், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு, முழு அளவு என ஒவ்வொரு நாள் இடைவெளியில் நிரப்புவது பாதுகாப்பானது. ஒவ்வொரு கட்டத்திலும் முன்சுவரின் நடுப்புடைப்பை அளந்து குறித்துக்கொண்டால், பின்னாளில் அது கூடுகிறதா என அறியலாம். சோதனை நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்பிய பின்னரே மீன்களை விட வேண்டும்.

பயன்பாட்டில் இருக்கும் தொட்டியை நெடுநாள் வெறுமையாக வெயிலில் வைக்கலாகாது. பாசியை நீக்க மென்மையான துணி அல்லது பஞ்சு போதும். மூட்டில் வெள்ளி இழைகள் தோன்றினால் நீர்மட்டத்தைக் குறைத்து, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு ஆராய வேண்டும்.

பாதுகாப்பு

வெட்டும்போது பறக்கும் சில்லுகள் கூரியவை. கண்ணாடிக் கவசம் அணிவது கட்டாயம். லேசர் வெட்டின் புகையைச் சுவாசிக்கக் கூடாது. அக்ரிலிக் எரியக்கூடிய பொருள் என்பதால், பொறி இயங்கும்போது அதைவிட்டு அகலுதல் கூடாது.

கரைப்பான்கள் நஞ்சுள்ளவை. டைகுளோரோமெத்தேன் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் ஆக்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் இதன் வீட்டுப் பயன்பாடுகளைத் தடை செய்தது. குளோரோபார்ம் கல்லீரலைத் தாக்கும். ஒளியும் காற்றும் படும்படி வைத்தால் அதிலிருந்து பாசுசீன் என்னும் கொடிய நச்சுவளி உண்டாகும் என்பதால், அடர்நிறப் புட்டியில் இறுக மூடி வைக்கப்பட வேண்டும். ஒட்டும் வேலையை மொட்டை மாடி, திறந்த தாழ்வாரம் போன்ற காற்றோட்டமான இடங்களில், நெருப்பும் குழந்தைகளும் அருகில் இல்லாதபோது செய்ய வேண்டும். மாணவர்கள் இவ்வேலையைப் பெரியவர் ஒருவரின் துணையின்றிச் செய்தல் கூடாது.